கடினத் தட்டை உடைக்க உளிக்கலப்பை

கோவளம் கரையோர மணலில் மழை நீர் தங்குவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் உட்பகுதிச் செம்மண் நிலங்களிலோ நீர் உள்ளே இறங்குவதே சிரமம். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும், ஈரத்தில் டிராக்டர் ஓட்டுவதாலும், களித் துகள்கள் கீழே இறங்கிப் படிவதாலும் அடிமண்ணில் கடினத் தட்டு உண்டாகிறது. ஐப்பசி மழை வழிந்தோடிவிடும். சில நாள் காய்ந்தாலே வேர்க்கடலை வாடும்.

மழைக்கு மறுநாள் கூரிய இரும்புக் கம்பியை நிலத்தில் அழுத்திப் பார்க்கவும். முக்கால் அடி, ஒரு அடி ஆழத்தில் சட்டென்று தடைபட்டால் தட்டு இருக்கிறது எனலாம். செடியைத் தோண்டினால் ஆணிவேர் பக்கவாட்டில் மடங்கியிருக்கும்.

கோடையில் மண் உலர்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும் உழ வேண்டும். ஈர மண்ணில் தட்டு நொறுங்காது, கீறல்தான் விழும். உடைந்த மண் மீண்டும் இறுகாதிருக்க ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு இடுவது அவசியம். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இவ்வாறு செய்தால் போதும்.

சேற்றுழவு செய்து நெல் மட்டுமே நடும் வயலில் தட்டை உடைக்கலாகாது. அங்கு நீரைத் தேக்குவதே அதுதான்.

அடுத்தடுத்த நிலமுள்ள நாலைந்து சிறு விவசாயிகள் சேர்ந்து டிராக்டரை வாடகைக்கு அமர்த்தினால் செலவு குறையும். கம்பி தடையின்றி இறங்கும் நிலத்துக்கு இச்செலவே வேண்டாம்.