அழித்த கோப்பு மீண்டும் வரலாமா?

வீட்டுக்கு வரும் நாளிதழை நிறுத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் புதிதாக வேலைக்கு வந்த பையன், "இந்த வீட்டுக்குப் போட மறந்துவிட்டார்கள் போலும்" என்று எண்ணி மறுபடி போடத் தொடங்கினால் எப்படி இருக்கும்? கணிப்பொறியிலும் இதே சிக்கல் உண்டு.

ஒரு மென்பொருள் தொகுப்பை நிறுவும்போது, அது எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைக் கூறும் அமைப்புக் கோப்புகளும் உடன் வருகின்றன. லினக்ஸ் கணிப்பொறிகளில் இவை பெரும்பாலும் 'எட்சி' என்னும் கோப்பகத்தில் இருக்கும். அதனுள் 'கிரான் டெய்லி' என்றொரு பகுதி உண்டு. அங்கு வைக்கப்படும் கட்டளைக் கோப்புகள் நாள்தோறும் தாமாகவே இயங்கும். அவற்றுள் ஒரு வேலை வேண்டாம் எனக் கருதும் கணிப்பொறி நிர்வாகி, அதற்குரிய கோப்பை அழித்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்துத் தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவுகிறார். "கோப்பைக் காணோமே" என்று தொகுப்பு அதைத் திரும்ப வைத்துவிட்டால், நிறுத்திய வேலை மறுநாளே தொடங்கிவிடும். அது அவருக்குத் தெரியவும் தெரியாது!

அப்படியானால், இல்லாத கோப்பை வைக்கவே கூடாதா? அதுவும் சரியன்று. புதிய பதிப்பில் முதன்முறையாக வரும் கோப்பும் அதுவரை இல்லாததுதானே! இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டம் இதற்கு நல்ல விடை கண்டுள்ளது. நிர்வாகி செய்த மாற்றத்தைப் பேண வேண்டும் என்பது அதன் விதி. அழிப்பதும் ஒரு மாற்றமே. 'டிபிகேஜி' என்னும் நிறுவு கருவி, தான் வைக்கும் ஒவ்வோர் அமைப்புக் கோப்புக்கும் எம்டி5 முறையில் 32 எழுத்துக் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. பதிவேட்டில் பெயரும் இல்லை, கோப்பும் இல்லை என்றால் அது புதியது, வைக்கிறது. பெயர் உண்டு, கோப்பு இல்லை என்றால் அது அழிக்கப்பட்டது, அப்படியே விட்டுவிடுகிறது. தொகுப்புடன் வரும் கோப்பே புதிய பதிப்பில் மாறியிருந்தால் மட்டும், என்ன செய்யலாம் என்று நிர்வாகியைக் கேட்கிறது.

கை தவறி அழித்தவர் என்ன செய்வது? தொகுப்பை வெறுமனே மறுபடி நிறுவினால் கோப்பு வராது. பலரும் திகைப்பது இங்கேதான். 'ஃபோர்ஸ் கான்ஃப்மிஸ்' என்னும் விருப்பத்தைச் சேர்த்து நிறுவினால் திரும்ப வந்துவிடும். ஆனால், வேண்டுமென்றே அழித்தவையும் கூடவே வரும் என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வகக் குறிப்பேட்டில் சுழி என்று எழுதுவதும், ஒன்றும் எழுதாமல் விடுவதும் ஒன்றல்ல. முன்னது ஓர் அளவீடு. வெற்றிடத்தைப் பார்த்து மட்டும் இந்த வேறுபாட்டை அறிய முடியாது; அதற்குப் பழைய பதிவு வேண்டும்.