நகரில் தங்குமிடம்

வேற்றூர் செல்வோர்க்கு இன்றியமையாதன இரண்டு. ஒன்று, பசித்தபோது உண்ண உணவு. மற்றொன்று, இரவில் அச்சமின்றித் தலைசாய்க்க ஓரிடம். இவ்விரண்டையும் வழிப்போக்கர்க்கு உதவுதலைத் தமிழர் பேரறமாகப் போற்றினர். காவிரிப்பூம்பட்டினத்தில் உலக அறவி என்னும் பொது அம்பலம் இருந்ததென மணிமேகலைக் காப்பியம் கூறுகின்றது. பிற்காலத்து அரசரும் செல்வரும் பெருவழிகளில் சத்திரங்கள் எடுப்பித்தனர். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சத்திரமும், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் கட்டுவித்த முத்தாம்பாள் சத்திரமும் அவ்வறத்தின் சான்றுகளாம்.

இன்றோ காலம் மாறிவிட்டது. மருத்துவம், வழக்கு, தேர்வு, வேலைக்கான நேர்காணல் எனப் பல காரணம் பற்றி மக்கள் நாள்தோறும் பெருநகரங்களுக்கு வருகின்றனர். இத்துணைப் பேர்க்கும் சத்திரங்கள் போதா. ஆதலின் வாடகைக்கு அறை விடுதல் ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. பொருள் மிக்கார் எங்கும் தங்கலாம். எளிய குடும்பத்தார் நிலை அன்னதன்று. நோயுற்ற தாயை அழைத்துவரும் ஒருவன், மருந்துக்கென வைத்திருந்த பணத்தை அறை வாடகைக்கே இழந்துவிடுவானாயின், அவன் நகருக்கு வந்ததன் பயன் யாது? எனவே, தக்க வாடகையில் தக்க இடம் தேர்தல் அனைவரும் அறிந்திருக்க வேண்டியதொரு கலையாகும்.

இக்கலையின் முதற்பாடம், குறைந்த வாடகை வேறு, குறைந்த செலவு வேறு என்பதாம். இதனைச் சென்னை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கலாம். நகருக்கு வருவோர் தாம் வந்திறங்கும் இடத்தை அடுத்தே அறை தேடுவது வழக்கம். தென்மாவட்டங்களிலிருந்து முன்னர்க் கோயம்பேட்டிற்கு வந்த அரசுப் பேருந்துகளுட் பெரும்பாலானவை, 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இப்பொழுது நின்றுவிடுகின்றன. அவ்விடத்திற்கும் சென்ட்ரல் நிலையத்திற்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு உண்டு. அங்கே தங்கி நகரின் நடுவே நாள்தோறும் சென்று மீள்வோர்க்குப் பொழுதும் பொருளும் வீணாகும்.

ஆதலின், வந்திறங்கும் இடத்தை நோக்காது, வந்த கருமம் நிகழும் இடத்தை நோக்குதலே அறிவுடைமை. அரசு பொது மருத்துவமனை சென்ட்ரல் நிலையத்தின் எதிரே உள்ளது. அங்குச் செல்வோர்க்குப் பெரியமேடு, எழும்பூர் ஆகிய பகுதிகள் அண்மையானவை. எழும்பூர் நிலையத்தை ஒட்டிய கென்னட் சந்திலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் நடுத்தர வாடகை விடுதிகள் பல உள. சேப்பாக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்திற்கு வருவோர்க்குத் திருவல்லிக்கேணியும், உயர்நீதிமன்றத்திற்கு வருவோர்க்கு மண்ணடியும் ஏற்றவை. புதியவர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 'ஓட்டல்' என்னும் பெயர்ப்பலகை உள்ள இடமெல்லாம் அறை கிடைக்கும் இடமன்று. அவற்றுட் பல உணவு மட்டுமே விற்பவை. திருவல்லிக்கேணியில் 'மேன்சன்' என வழங்கும் கட்டடங்களோ, பெரும்பாலும் தனியாக வாழும் ஆடவர்க்குத் திங்கள் வாடகையில் அறை விடுவன. குடும்பத்தார்க்கு அவை ஏலா.

இனி ஒரு கணக்கைக் காண்க. தொலைவில் உள்ள விடுதியின் நாள் வாடகை 800 ரூபாய். மருத்துவமனைக்கு நடந்து செல்லத்தக்க விடுதியின் வாடகை 1,000 ரூபாய் என்று கொள்க. இத்தகைய அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 5 வீதம் வரி உண்டு. வரியுடன் முன்னது 840 ரூபாயும், பின்னது 1,050 ரூபாயும் ஆகும். முன்னதில் தங்குவோர் ஆட்டோவிற்குப் போக 150, வர 150 எனக் கொடுப்பின், ஒரு நாட் செலவு 1,140 ரூபாயாக உயரும். இரண்டு நாட்களில் முன்னதன் செலவு 2,280. பின்னதன் செலவு 2,100. வாடகை மிகுந்த விடுதியே 180 ரூபாய் மலிவாயிற்று! நோயாளியின் அலைச்சல் தவிர்ந்ததோ கணக்கில் அடங்காத ஊதியம்.

இரண்டாம் பாடம், விடுதியார் 'ஒரு நாள்' என்பதை எவ்வாறு எண்ணுகின்றனர் என அறிதல். சில விடுதிகளில் அறை எடுத்த நேரம் முதல் 24 மணி நேரம் ஒரு நாளாகும். வேறு சிலவற்றில் நண்பகல் 12 மணியுடன் நாள் முடிவுறும். இரவு வண்டியில் புறப்பட்ட ஒருவர் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு அறை எடுத்து, செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு அதனை ஒழிக்கிறார் எனக் கொள்க. முதல்வகை விடுதியில் அவர் கொடுக்க வேண்டுவது ஒரு நாள் வாடகை. இரண்டாம் வகையிலோ, திங்கள் நண்பகலுடன் ஒரு நாள் முடிந்து, மற்றொரு நாள் தொடங்கிவிடும். எனவே இரு நாள் வாடகை கேட்கப்படலாம். இதனை முன்னரே வினவாதார், புறப்படும் வேளையில் கணக்கரோடு வாதிட்டு வண்டியையும் தவறவிடுவர். வாடகையோடு வரி சேர்ந்துள்ளதா, கூடுதலாக ஒருவர் தங்கினால் எவ்வளவு, வெந்நீருக்குத் தனிக்கட்டணம் உண்டா என்பனவற்றையும் அப்பொழுதே கேட்டுத் தெளிதல் நன்று.

ஓரிரவு மட்டும் தங்குவோர் புகைவண்டி நிலைய ஓய்வறைகளை நாடலாம். உறுதி செய்யப்பெற்ற பயணச்சீட்டு உடையோர் இவற்றை இணையத்தளம் வாயிலாக முன்னரே பதிவு செய்துகொள்ளலாம். தனித்து வருவோர், பலர்க்கும் பொதுவான கூடத்தில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்குப் பெறுதலும் உண்டு. ஆயின், இவ்வசதிகள் சிலவே ஆதலின் விரைவில் நிரம்பிவிடும். முகூர்த்த நாட்களில் விடுதிகளிலும் இடம் அரிதாம். நாளைக் குறித்தவுடன் அறையையும் குறித்துக்கொள்வோர் அல்லற்படார்.

மலிவை மட்டும் கருதிக் காப்பினை மறத்தல் கூடாது. கைப்பேசியில் காணும் படங்கள் அறையின் நல்ல பக்கத்தையே காட்டும். எனவே, அறையை நேரிற் கண்டபின் பணம் கொடுத்தலே முறை. கதவின் தாழ்ப்பாள் உறுதியானதா, குழாயில் நீர் வருகின்றதா, காற்றோட்டம் உண்டா, தீ நேரின் இறங்கி ஓட வேறு படிக்கட்டு உண்டா என நோக்குக. நிலைய வாயிலில் 'மலிவான அறை' என்று கூவி அழைக்கும் தரகர்க்கு விடுதியார் தரும் கூலி, தங்குவோர் கொடுக்கும் வாடகையிலிருந்தே செல்கின்றது. அவர்பின் செல்லாது, தாமே இரண்டு மூன்று விடுதிகளை வினவித் தேர்தல் சாலச் சிறந்தது. அடையாளச் சான்றினை உடன் கொண்டு செல்லுதலும், கொடுத்த பணத்திற்குப் பற்றுச்சீட்டுப் பெறுதலும் மறவாது செய்யத்தக்கன.

இவ்வாறு ஆராய்தலைக் கஞ்சத்தனம் எனச் சிலர் எள்ளுவர். அது தவறு. வேண்டிய இடத்தில் செலவிடுவதற்காக, வேண்டாத இடத்தில் பொருளைக் காத்தலே சிக்கனம். படிப்பறிவு மிகுதியாக இல்லாத பெற்றோர் நகருக்குச் செல்ல நேரும்பொழுது, உடன் செல்லும் பிள்ளைகள் இக்கணக்கைப் போட்டுக் காட்டுதல் கூடும். ஆட்டோவிற்கும் தரகர்க்கும் போகவிருந்த பணம் அன்னையின் மருந்துக்கு ஆகும். கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படுதல் என்பது இதுவன்றோ?