காட்டில் தொலைந்த பாதை: ஒரு கவிதையை வகுப்பில் வாசித்தல்

ஆங்கிலக் கவிதை என்றால் முதலில் பொருளைச் சொல்வேன். பிறகு அணி, இயைபுச் சொற்களுக்குக் கோடிடச் சொல்வேன். கடைசியில் சுருக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பல ஆண்டுகளாக இதுவே என் வழக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் கூடுதல் வாசிப்பாக ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘தி வே த்ரூ தி வுட்ஸ்’ கவிதையை எடுத்தபோதும் “இது ஒரு பேய்க் கவிதை” என்று சொல்லியே தொடங்கினேன். வகுப்பு குதூகலித்தது. ஆனால், அதன்பின் யாரும் கவிதையைப் பார்க்கவில்லை. விடைதான் தெரிந்துவிட்டதே!

அடுத்த ஆண்டு எதையும் சொல்லாமல் இரண்டு முறை வாசித்துக்காட்டி, கேள்விகளை மட்டும் கேட்டேன்.

கிப்ளிங் 1865இல் பம்பாயில் பிறந்தவர். 1907இல் நோபல் பரிசு பெற்றவர். இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமப்புறத்தில் குடியேறி வாழ்ந்தபோது, 1910இல் வெளியான ‘ரிவார்ட்ஸ் அண்ட் ஃபேரிஸ்’ நூலில் இக்கவிதையைச் சேர்த்தார். எழுபது ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு காட்டுப்பாதைதான் பாடுபொருள். நீர்நாய் நம் காவிரியிலும் உண்டு என்பதால் மாணவர்களுக்கு அது புதிதல்ல. பேட்ஜர், அனிமோனி மலர் ஆகியவற்றுக்குப் படம் காட்டினால் போதும்.

முதல் கேள்வி: பாதையை அழித்தது யார்? “இயற்கை” என்றனர் எல்லோரும். மீண்டும் வாசிக்கச் சொன்னேன். மூடியவர்கள் மனிதர்கள், மரம் நட்டவர்களும் மனிதர்களே. மழையும் காற்றும் மிச்சத்தைத்தான் செய்தன. அந்த மனிதர்கள் யார், ஏன் மூடினார்கள் என்பதைக் கவிஞர் சொல்லவில்லை. ‘இயற்கை தன் இடத்தை மீட்டது’ என்ற வழக்கமான விடை பாதி விடைதான்.

இரண்டாவது கேள்வி: எதைப் பார்க்கிறோம், எதைக் கேட்கிறோம்? முதல் பகுதியில் பாதை கண்ணுக்குத் தெரிவதில்லை. காவலர் ஒருவர் மட்டுமே அதை அறிவார். இரண்டாம் பகுதியில் கோடை அந்தியில் குதிரையின் குளம்பொலியும் பனிப்புல்லில் பாவாடை உரசும் ஓசையும் கேட்கின்றன. கண் இழந்த பாதையைக் காது கண்டுபிடிக்கிறது. அடிகளுக்கு உள்ளேயே வரும் இயைபுச் சொற்களை மேசையில் தட்டிக்கொண்டே வாசிக்கச் செய்தேன். குளம்பொலி தானாகவே வந்தது.

இலக்கணத்துக்கும் இங்கே இடமுண்டு. மூடியது இறந்தகாலம். நுழைந்தால் கேட்பாய் என்பது நிபந்தனை வாக்கியம். அதில் ‘வில்’ வருவதால் உறுதி தொனிக்கிறது. கடைசி அடியோ நிகழ்கால மறுப்பு: பாதையே இல்லை என்கிறது.

பிறகு அடிகளை எண்ணச் சொன்னேன். முதல் பகுதியில் 12, இரண்டாவதில் 13. கூடுதலாக நிற்கும் அந்த ஓர் அடி எது? அந்த மறுப்புதான். பாதை உண்டு என்று நம்பவைத்த பிறகு, கணக்குக்கு வெளியே வந்து நின்று இல்லை என்கிறது.

அப்போது, வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், ரோடு இல்லைன்னு சொல்ல வந்தவர் எதுக்கு அஞ்சு தடவை ரோடு ரோடுன்னு சொல்றாரு? அவரால மறக்க முடியலையா?”

நானும் எண்ணிப் பார்த்தேன். ஐந்து முறைதான். இத்தனை ஆண்டுகளில் நான் கவனிக்காதது அது.

அது பேயா, நினைவா, கற்பனையா? நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கவிதையும் சொல்லவில்லை. காரணத்தைக் கவிதையிலிருந்து எடுத்துக்காட்டினால் எந்த விடைக்கும் மதிப்பெண் உண்டு என்றேன். அன்று எழுதிய பத்திகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

சுருக்கத்தை முதலில் கொடுத்துவிட்டால் குழந்தைகள் நடக்கவேண்டிய பாதையை நாமே மூடிவிடுகிறோம். அடுத்த கவிதைக்குச் சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்கும் முன், ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கிப் பாருங்கள்.