தேர்வறையில் ஒரு கடை

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்பது தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு வெகுகாலமாகத் தெரிந்த கணக்கு. மார்க்கும் வந்தது. பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர், கோடிட்ட இடத்தை நிரப்பு, வினைச்சொல்லை வாய்ப்பாடாக எழுது: பல பள்ளிகளில் கேள்வித்தாள் அவ்வளவுதான். தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர் வாயிலிருந்து 'போன்ழூர்' தாண்டி ஒன்றும் வராது. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. தேர்வில் கேட்காததை யார் படிப்பார்கள்?

இன்று சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்தும் டெல்ஃப் ஏ1 என்ற பிரெஞ்சுத் தேர்வு வேறு ரகம். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. வாயைத் திறக்காமல் தப்பிக்க வழியில்லை.

அந்தப் பேச்சுத் தேர்வுதான் ரசமானது. முதலில் மாணவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார். பிறகு சொற்கள் எழுதிய சீட்டுகளை எடுத்து, அவற்றை வைத்துத் தேர்வாளரிடம் அவரே கேள்வி கேட்கிறார். கடைசியில் ஒரு கடை. விளையாட்டு நோட்டும் சில்லறையும் மாணவர் கையில். எதிரே தேர்வாளர் கடைக்காரராக. விலை கேட்டு, வேண்டியதை வாங்கி, காசு கொடுத்துவிட்டு வர வேண்டும்.

இந்த மாற்றத்துக்கு அடித்தளம், ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட, மொழித்திறனை அளக்கும் ஆறு படிநிலைச் சட்டகம். 1985-இல் பிறந்த டெல்ஃபை 2005-இல் அதற்கேற்ப மாற்றினார்கள். முதல் படியான ஏ1-க்கு அந்தச் சட்டகம் வைக்கும் அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது: எதிரில் இருப்பவர் நிதானமாகப் பேசி, உதவவும் தயாராக இருந்தால் எளிமையாக உரையாட முடிய வேண்டும். அதாவது, 'இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்பது இங்கே தோல்வி அல்ல.

இந்தக் கடை விளையாட்டைப் பார்த்துவிட்டு வகுப்பில் பிங்கோவும் ஸ்டிக்கரும் கொண்டுவந்தால் போதுமென்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. மொழியே ஆட்டமாக வேண்டும். உதாரணமாக, ஒருவர் கையில் அறையின் படம், மற்றவர் கையில் வெற்றுத்தாள். முதலாமவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல இரண்டாமவர் வரைய வேண்டும். கட்டில் ஜன்னல் பக்கம் வந்ததா என்று பார்த்தே மார்க் போட்டுவிடலாம். அந்த மொழி இல்லாமல் இந்த ஆட்டம் நகராது. குழந்தைக்குச் சுவையும் அங்கேதான்.

நம் ஆட்கள் அந்தக் கடைத் தேர்வுக்கும் மனப்பாட உரையாடல் அச்சடித்து விற்பார்கள். அதற்கு மருந்து உண்டு. 'ஆப்பிள் தீர்ந்துவிட்டது, ஆரஞ்சு தரட்டுமா?' என்று கடைக்காரர் கேட்டால் உருப்போட்டது உதவாது.

ஆசிரியர்களே, வரும் பருவத் தேர்வில் பத்து மார்க்கையாவது பேச்சுக்கு ஒதுக்குங்கள். நாற்பது பேரை இருவர் இருவராக அழைத்து, ஜோடிக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.