வாவிக்கரை மனிதர்கள் - 14: சீனன்குடாவின் கிடுகுக் கூரைகள்

படையில் இருந்தவர்கள் வயோதிகத்தில் ஒன்றுகூடினால் யுத்தத்தைப் பற்றியே பேசுவார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஆகாயப் படையின் சிறிய தளமொன்றில் இரண்டு மூன்று வருஷம் காலங்கழித்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், குண்டும் வீரமும் அவர் வாயில் வருவதற்கு வெகுநேரம் முன்பாகவே, மாரியில் ஒழுகிய கூரையும், மெஸ்ஸில் நாள் தவறாமல் வந்து அலுத்துப்போன ஒரே பண்டமும், ஊரிலிருந்து வராமற்போன கடிதமும், பக்கத்துக் கட்டிலில் படுத்தவனின் குறட்டையும் வந்துவிடும். பெரிய தளங்களில் மனிதர் ஒருவரையொருவர் அறியாமலே வந்து போவார்கள். சிறிய தளத்திலோ சமையற்காரன் யார், சலவைக்காரன் யார், எவனுக்கு எந்த ஊர், எவன் மனைவிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதனாலேதான் ஐம்பது ஆண்டு கழிந்த பின்பும் அந்த ஞாபகங்கள் அவ்வளவு தெளிவுடன் நிற்கின்றன.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது இலங்கையில் அத்தகைய தளங்கள் பல தோன்றின. கொக்கலையில் கடல் விமானங்கள் இறங்கின. மின்னேரியா, சிகிரியா, வவுனியா, காங்கேசன்துறை என்று காட்டை வெட்டியும் வயலை நிரவியும் ஓடுபாதைகள் அமைத்தார்கள். கிழக்கு மாகாணத்தாராகிய எமக்கு நெருங்கிய தளம் சீனன்குடா. திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில், காடு சூழ்ந்த மேட்டில், யுத்தத்துக்கு முன்னரே அமைக்கப்பட்ட பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளுக்கு அருகே அது இருந்தது. கரையில் ஓடுபாதை, எதிரே குடாநீரில் மிதக்கும் கடல் விமானங்கள் என நிலமும் நீரும் ஒருங்கே பயன்பட்ட தளம் அது.

ஆரையம்பதியிலிருந்து அங்கே போய் வேலை செய்தவர் இருவரை என் இளமையில் நான் நன்கு அறிவேன். ஒருவர் யுத்தகாலத்தில் அங்கே சமையற்கூடத்தில் கைவேலை பார்த்தவர்; எங்கள் தெருவில் சிறியவர் பெரியவர் யாவரும் அவரைப் 'பாண் அப்பா' என்றே அழைப்போம். மற்றவர் அவருக்குப் பதினைந்து வயது இளையவர். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையில் படித்து, 1950களில் இலங்கை ஆகாயப் படையில் சேர்ந்து, அதே சீனன்குடாவில் இயந்திரப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். எழுபதுகளில் கந்தசுவாமி கோவில் வீதியில் பின்னேரங்களில் இவ்விருவரும் வெற்றிலைத் தட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவதை அருகிலிருந்து கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மூத்தவர் இளையவரை 'மச்சான்' என்பார். இளையவர் மூத்தவரை 'அண்ணன்' என்பார். என்னை இருவரும் 'மனே' என்பார்கள்.

அக்காலத்தில் மட்டக்களப்பிலிருந்து சீனன்குடாவுக்குப் போவது இலேசான பிரயாணமன்று. கரையோரத் தெருவால் போனால் பனிச்சங்கேணி, வெருகல், கிண்ணியா என்று துறைக்குத் துறை பாதைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். மாரியில் ஆறு பெருகினால் அதுவும் இல்லை. ஆகவே புகைவண்டியில் ஏறி, பொலன்னறுவை வழியாகக் கல்லோயாச் சந்திக்குப் போய், அங்கே நள்ளிரவில் இறங்கி, திருகோணமலை வண்டிக்காகக் காத்திருந்து, கந்தளாயைக் கடந்து சீனன்குடா ஸ்டேஷனில் இறங்குவதே வழக்கம். கல்லோயாச் சந்தியின் நுளம்பைப் பற்றிப் பாண் அப்பா சொல்லத் தொடங்கினால் அன்றைய பின்னேரம் அதிலேயே கழிந்துவிடும். நுளம்பு அந்நாளில் விளையாட்டுக் காரியமல்ல; 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாவில் இந்தத் தீவில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மெப்பக்கிரின் என்ற மஞ்சள் குளிகையை நாள்தோறும் கொடுப்பார்கள். அதைத் தின்று தின்று அவர்களுடைய தோலே மஞ்சள் நிறமாகிவிடுமாம். 'மஞ்சள் பூசின மாப்பிள்ளை போல வருவான் மனே' என்று பாண் அப்பா சொல்வார்.

அவருடைய கதைகளில் என் நெஞ்சைவிட்டு அகலாதது கூரைக் கதை. யுத்தத்துக்கு முன் கட்டிய நிரந்தரக் கட்டடங்கள் சில அங்கே இருந்தனவாயினும், ஆட்கள் பெருகப் பெருக, கம்பு நாட்டிக் கிடுகு வேய்ந்த நீண்ட கொட்டில்களிலேயே சிப்பாய்களைக் குடியிருத்தினார்கள். இங்கிலாந்தின் நகரங்களில் ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் தென்னோலையின் கீழ் படுத்தார்கள். ஓலையில் எலி ஓடும், எலியைத் தேடிப் பாம்பு வரும், விடியற்காலையில் சப்பாத்தைத் தட்டிப் பார்த்துத்தான் காலை விடவேண்டும், தேள் இருக்கும். இலங்கையில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களின் நினைவுகளில் இந்தக் கிடுகுக் கொட்டில் தவறாமல் இடம்பெறுகிறது. கிடுகை யார் பின்னினார்கள் என்பதற்குத்தான் அவற்றில் இடமில்லை.

நமது கரையில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை; ஆயினும் ஓட்டிலும் தகரத்திலும் பிறந்த இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விழுந்த தென்னோலையை நடுமட்டையில் இரண்டாகப் பிளந்து, நீர்க்கிடங்கில் ஊறப்போட்டு, ஓலை பதமாகி வளையும் பருவத்தில் எடுத்து, நிலத்தில் கால்நீட்டி அமர்ந்து, ஒரு கீற்றுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக விரல் ஓட ஓடப் பின்னிக்கொண்டு போவார்கள் எம் பெண்கள். கை பழகியவளுக்குக் கண் வேண்டியதில்லை. பேசிக்கொண்டே பின்னி முடிப்பாள். அடுக்கி உலர்த்திய கிடுகை வரிச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கட்டினால், வாடைக்காற்றோடு வரும் மழைக்கும் உள்ளே ஒரு துளி விழாது. ஆனால் ஒரு மாரி, மிஞ்சினால் இரண்டு மாரி. அதற்குமேல் கிடுகு தாங்காது, புதிதாய் வேயவேண்டும். ஆகாய விமானத்தின் இயந்திரத்துக்கு எவ்வளவு பராமரிப்பு வேண்டுமோ அவ்வளவும் அதை ஓட்டியவன் படுத்த கூரைக்கும் வேண்டியிருந்தது.

'வெள்ளைக்காரன் கூரை ஒழுகினா எங்களைக் கூப்பிடுவான். ஒழுகாட்டி எங்கட பேரே அவனுக்குத் தெரியா' என்பார் பாண் அப்பா. குறை சொல்லும் தொனி அதில் இராது. நடந்ததை நடந்தபடி சொல்வார்.

அவருக்குப் 'பாண்' என்ற அடைமொழி வந்த காரணமும் யுத்தமே. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. கூப்பன் அரிசி குடும்பத்துக்குக் காணாது. சோற்றைத் தவிர வேறெதையும் உணவென்று எண்ணாத நம்மவர் கோதுமை மாவைக் கையில் வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அந்த வேளையில், தளத்தின் சமையற்கூடத்தில் மா பிசையவும் புளிக்க வைக்கவும் அடுப்பின் சூட்டைக் கையால் அறியவும் கற்றிருந்த இவர், விடுமுறையில் ஊருக்கு வந்தபோது முற்றத்தில் களிமண் போறணை ஒன்று கட்டி, அயலாருக்குப் பாண் சுட்டுக் காட்டினார். ஏகாதிபத்தியத்தின் யுத்தம் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்த நன்மை இதொன்றே என்று நான் கருதுகிறேன். சிப்பாய்களோ, தகரத்தில் வந்த மாட்டிறைச்சியையும், சோயா மாவால் செய்த போலிச் சொசேஜையும் கண்டு முகஞ்சுளித்து, இவர் கொண்டுபோகும் வாழைப்பழக் குலைக்காகக் காத்திருப்பார்களாம்.

1942 ஏப்ரல் 9ஆந் தேதியைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். நான்கு நாளைக்கு முன்னே, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் அன்று காலை திருகோணமலைக்கு வந்தன. சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. தளமும் துறைமுகமும் அடிபட்டன. எண்ணெய்த் தாங்கியொன்றின்மேல் ஜப்பானிய விமானமொன்று விழுந்து பல நாள் எரிந்ததென்று இன்றும் அங்கே சொல்வார்கள். பாண் அப்பா ஒரு கானுக்குள் குப்புறப் படுத்திருந்தார். எழுந்து பார்த்தபோது, காலையில் வேகவைத்த கிழங்கு கிடாரத்தோடு கவிழ்ந்து கிடந்ததையும், பசித்து வந்தவர்களுக்கு அன்று மத்தியானம் என்ன கொடுப்பது என்ற கவலை தம்மைப் பிடித்துக்கொண்டதையும் மட்டுமே அவர் சொன்னதாக ஞாபகம்.

ஆனால் அதே நாளின் மற்றப் பாதி எங்கள் கடலிலே நடந்தது. முதல்நாளிரவு திருகோணமலையை விட்டகன்று தெற்கே வந்திருந்த விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்', மட்டக்களப்புக்கு நேரே கடலில் வைத்து ஜப்பானியர் கண்ணில் பட்டது. விமானந்தாங்கியாயினும் அன்று அதில் விமானங்கள் இல்லை. அதற்குரியவை கரையில் விடப்பட்டிருந்தன. துணை வேண்டி விடுத்த செய்திக்கு உரிய நேரத்தில் உதவி வரவில்லை. அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிற்று; 307 பேர் மாண்டார்கள். கூடவந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்', 'ஹொலிஹொக்' என்னும் சிறிய போர்க்கப்பல் ஆகியனவும் அன்றே மூழ்கின. 'வீற்றா' என்ற வைத்தியக் கப்பல் அறுநூறு பேரளவில் நீரிலிருந்து காப்பாற்றிற்று; நீந்தியே கரையேறியவரும் உளர். மட்டக்களப்புக் கரையில் அன்று கேட்ட முழக்கத்தை இடியென்று எண்ணி, வானத்தில் மேகமில்லாததைக் கண்டு திகைத்ததாக என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். மகன் சீனன்குடாவில் இருக்கிறானே என்று பாண் அப்பாவின் தாயார் கடற்கரையில் நின்று தலையிலடித்து அழுதாராம். அவர் உயிரோடிருக்கும் செய்தி வந்து சேர்ந்தது வாரம் ஒன்றுக்குப் பின்பே.

அதன்பின் தளம் பருத்தது. 1944 ஆகஸ்ட் 10ஆந் தேதி ஐம்பதுக்கு மேற்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் சீனன்குடாவிலிருந்து கிளம்பி, சுமாத்திராவின் பலெம்பாங்கிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கித் திரும்பின. போக வர ஏறக்குறைய 4,000 மைல். யுத்தம் முடிந்ததும் வேறொரு கொந்தளிப்பு வந்தது. வீட்டுக்கு அனுப்பத் தாமதமாகிறதென்று 1946 ஜனவரியில் இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஆங்கில ஆகாயப் படையினர் பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் தன் அதிகாரிக்கு முன் கைகட்டி உட்கார்ந்துவிட்டான் என்ற செய்தி, அவனுக்கே பணிந்து பழகிய எங்கள் மனிதர்களுக்கு எத்தகைய வியப்பைத் தந்திருக்கும்! அதைச் சொல்லும்போது மட்டும் பாண் அப்பா குரலைத் தாழ்த்துவார், யாரோ இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதைப்போல.

1957இல் பண்டாரநாயக்கா அரசாங்கம் பிரித்தானியரிடமிருந்து தளங்களை மீட்டது. ஒக்டோபர் 15இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும், நவம்பர் 1இல் கட்டுநாயக்கா விமானத் தளமும் கைமாறின. அந்நியக் கொடி இறங்கியது நல்ல காரியமே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர்களிடம் கூலிக்கிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அடுத்த மாதம் அடுப்பெரிய வழியில்லாமற் போனதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கேதான் இளையவரின் கதை ஆரம்பமாகிறது. 1951 மார்ச் 2இல் நிறுவப்பட்ட றோயல் இலங்கை ஆகாயப் படையின் முதல் விமானங்கள் சிப்மங்க் என்னும் சிறிய பயிற்சி விமானங்கள். அதன் ஜிப்ஸி மேஜர் இயந்திரத்தின் சத்தத்தை வாயாலேயே பிசகில்லாமல் செய்து காட்டுவார் எங்கள் இயந்திரக்காரர். சத்தத்தில் சிறு தடுமாற்றம் காட்டி, 'இது நாலாம் சிலிண்டர் அண்ணன்' என்று தாமே தீர்ப்பும் சொல்வார். கடலுப்புக் காற்று உலோகத்தைத் தின்றுவிடும். ஆகையால் பறந்து வந்த விமானத்தை நன்னீரால் கழுவித் துடைத்து, மூட்டுக்கு மூட்டு எண்ணெயிட்ட பின்பே தாம் சோறுண்ணப் போவதாகப் பெருமையுடன் கூறுவார். சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் யாவரும் ஒரே கொட்டிலில் படுத்தெழுந்த காலம் அது. விசாகத்துக்குக் கூடு கட்டும்போது ஈர்க்கு வளைத்துக் கொடுத்தவர் இவர்; இவருக்குக் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்கு விடுமுறை கிடைக்கத் தம் முறையை மாற்றிக்கொண்டவர் குருநாகலைச் சிங்கள நண்பர் ஒருவர். 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் 1962இன் இராணுவச் சதி முயற்சியும் அந்தக் கொட்டிலின் காற்றை மெல்ல மெல்ல மாற்றின. புதிதாய்ச் சேரும் தமிழரின் தொகை அருகிவந்தது. தமக்குப்பின் எங்கள் ஊரிலிருந்து ஒரு பையனாவது வரமாட்டானா என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வரவில்லை.

மட்டக்களப்புக்கும் 1958இல் ஒரு விமான நிலையம் வந்தது; வாவியின் மேற்கே திமிலைத்தீவுப் பக்கம். பிரயாணிகளுக்கென அமைந்த அது 1983இல் ஆகாயப் படையின் வசமாயிற்று. அதன்பின் வந்த வருஷங்களில் ஹெலிகொப்டரின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கிய தாய்மாருக்கு, ஆகாயப் படைத் தளத்தின் இனிய நினைவுகள் என்ற சொற்றொடரே கசப்பாயிருக்கும். அவர்களுடைய ஞாபகத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்த பின்பே பழைய இருவரின் கதையை நான் எழுதத் துணிந்தேன்.

துணிந்த காரணம் ஒன்றுண்டு. ஆங்கில ஆகாயப் படையின் தளங்கள் தத்தம் அன்றாட நடப்பைப் பதிவேட்டில் எழுதிவந்தன. அவை இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சிப்பாய்களின் குரல்களை அந்நாட்டின் யுத்த நூதனசாலை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறது. எங்கள் மனிதருக்கு இருந்தவை ஒரு சம்பளத் துண்டு, ஒரு நன்னடத்தைப் பத்திரம், வரிசையில் கடைசியாக நின்றெடுத்த ஒரு புகைப்படம். 1978 நவம்பர் 23இன் சூறாவளி தென்னையோடு சேர்த்துப் பாண் அப்பா வீட்டுக் கூரையையும் தகரப் பெட்டியையும் கொண்டுபோயிற்று. இயந்திரக்காரரின் கடிதங்களையும் படங்களையும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கடற்கரையோரத்தில் இருந்த மகள் வீட்டோடு அள்ளிச் சென்றது.

ஆகவே மிஞ்சியிருப்பது பிள்ளைகளின் வாய்மொழி. சமையற்காரர், தச்சர், தோணிக்காரர், எண்ணெய்ப் பீப்பாய் உருட்டிய கூலியாட்கள் ஆகியோரின் மக்கள் களுவாஞ்சிகுடியிலும் குருக்கள்மடத்திலும் தாழங்குடாவிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். சீனன்குடாச் சிப்பாய்களின் காற்சட்டைகளுக்குக் கஞ்சி போட்ட சலவைத் தொழிலாளி ஒருவரின் மகளிடம், வீட்டில் கூப்பன் அரிசியும் காணாத அந்த நாட்களில் துணிக்கு இட்ட கஞ்சிக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் சொன்ன விடையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.