இருபது நிமிஷத்தில் திரும்பும் விமானம்

சென்ற வாரம் மாணவன் ஒருவன் விமானப் பயணச் சீட்டின் பிரதியொன்றை நம் மேசைமீது வைத்தான். இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து காலை 8 மணிக்குப் புறப்படும் விமானம் பாரிஸ் சார்ள்ஸ் டி கோல் நிலையத்தை 10.20 மணிக்கு அடையும் என்று அதிற் கண்டிருந்தது. திரும்பும் விமானமோ மாலை 4 மணிக்குக் கிளம்பி 4.20 மணிக்கு இலண்டனில் இறங்குகின்றது!

"போக இரண்டு மணி இருபது நிமிஷம், வர இருபது நிமிஷமா, சேர்?" என்றான்.

நல்ல கேள்வி. இவ்விரு நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் விமானம் அதனை அரை மணிக்குள் கடந்துவிடும் என்பது வகுப்பறைக் கணக்கு. ஆனால், தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைவதற்கே சில வேளை கால் மணி ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. ஹீத்ரோவுக்கு வருவன இடம் கிடைக்கும்வரை வானில் வட்டமிட்டுக் காத்திருப்பதும் உண்டு. இவை யாவற்றையும் சேர்த்து நேரசூசியில் ஒரு மணி இருபது நிமிஷமளவில் ஒதுக்குகின்றனர். போகவும் வரவும் அதுவே. எஞ்சிய ஒரு மணியைக் கூட்டுவதும் குறைப்பதும் மணிக்கூடு.

பாரிஸ் நேரம் இலண்டன் நேரத்திலும் ஒரு மணி முந்தியது. இது சூரியன் செய்த வேலையன்று. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிஷம் செல்லும். பாரிஸ் கிறீனிச்சுக்குக் கிழக்கே 2 பாகைக்குச் சற்று மேல்; ஆகவே உண்மையான வித்தியாசம் 9 நிமிஷம் 21 விநாடி மாத்திரமே. 1911 இல் பிரான்சு கிறீனிச் நேரத்தை ஏற்றபோது அப்பெயரைச் சட்டத்தில் எழுத மனமின்றி, பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 விநாடி குறைத்தது என்றே எழுதிக்கொண்டது. தன்மானம் நாடுகளுக்கும் உண்டு போலும்!

1919 ஆகஸ்ட் 25 இல், ஹீத்ரோவுக்கு அண்மையிலுள்ள ஹவுன்ஸ்லோ வெளியிலிருந்து பாரிஸுக்கு நாளாந்த விமான சேவை தொடங்கியது. பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி. எனினும் இரு நகரங்களின் மணிக்கூடுகளும் ஒரே நேரத்தைக் காட்டின. 1940 இல் பாரிஸைக் கைப்பற்றிய ஜேர்மானியர் அங்குள்ள நேரத்தைப் பேர்லின் நேரத்துக்கு மாற்றினர். படை போயிற்று, அந்த ஒரு மணி போகவில்லை.

"இது யாருடைய சீட்டு?" என்று கேட்டோம். இலண்டனில் வாழும் அவன் மாமாவுடையதாம். பாரிஸில் அவர் தமக்கை மகளுக்குத் திருமணம், முகூர்த்தம் 10.45 முதல் 11.30 வரை. தந்தையில்லாப் பெண்ணாகையால் அவரே தாரை வார்த்துக் கொடுக்க இருந்தார். "ஒரு மணி இருபது நிமிஷப் பயணம்" என்று நண்பர் சொன்னதை நம்பிய அவர், சீட்டை ஊன்றிப் பார்க்கவில்லை, 9.20க்கு இறங்கலாம் என்று கணக்கிட்டார். விமானத்தில் அணைத்த கைபேசியைத் திறக்கவும் மறந்தார். கடவுச்சீட்டு வரிசையைக் கடந்து, ரெயிலேறி, மண்டப வாயிலை அடைந்தபோது அவர் கைக்கடிகாரத்தில் 10.40. இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறதென மகிழ்ந்து உள்ளே நுழைந்தாராம்.

பெண்ணின் சிறிய தந்தையார் தாரை வார்த்து முடித்திருந்தார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.