டைக்வொண்டோ: தன்னை ஆளக் கற்பிக்கும் கலை

"பொம்பிளப் பிள்ளைக்கு அடிதடி எதற்கு?" டைக்வொண்டோ பயில விரும்பும் மகளிடம் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை அக்கலையின் பெயரிலேயே உண்டு.

கொரிய மொழியில் 'டை' என்பது காலால் உதைப்பதையும், 'க்வொன்' என்பது கைமுஷ்டியையும், 'டோ' என்பது நெறியையும் குறிக்கும். கையையும் காலையும் நெறிப்படுத்துவதே இக்கலை. 1955இல் இப்பெயர் பெற்றது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆண், பெண் இருபாலாருக்கும் பதக்க விளையாட்டாயிற்று.

மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, சுயகட்டுப்பாடு, தளராத மனவுறுதி ஆகிய ஐந்தும் இதன் அடிப்படைப் பண்புகள். பிறரை வீழ்த்துபவரல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவரே உண்மையான பலசாலி என நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். அந்தப் பாடத்தை உடலால் பழகும் இடமாகவும் பயிற்சிக்கூடம் அமையலாம்.

வெள்ளைப் பட்டியுடன் தொடங்கும் மாணவி கற்கும் முதல் 'பூம்சே' 18 அசைவுகளைக் கொண்டது. அவற்றை வரிசை பிசகாமல் செய்ய நினைவாற்றலும் கவனமும் வேண்டும். ஒற்றைக் காலில் நின்று உதைக்கும்போது சமநிலையும் தசை வலிமையும் வளர்கின்றன. மணிக்கணக்காக அமர்ந்து படிக்கும் மாணவிக்கு இது நல்ல மாற்று.

பாதுகாப்பும் முக்கியம். புளியங்கூடலில் இருந்து பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்திற்கு பஸ்ஸில் போய்வரும் மாணவியை எண்ணிப் பாருங்கள். நெரிசலில் ஒருவன் அத்துமீறினால் அவள் உடனே உதைக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று, உரத்த குரலில் எதிர்த்து, விலகி, உதவி கேட்கும் துணிவே முதலில் தேவை. பயிற்சியில் எழுப்பும் உரத்த ஒலி அக்குரலைப் பழக்குகிறது. உதை கடைசி வழி மட்டுமே.

உடை பற்றிய தயக்கம் தேவையில்லை. 'டோபொக்' எனப்படும் சீருடை தளர்வானது. கையையும் காலையும் மறைப்பது. சர்வதேசப் போட்டிகளில் ஹிஜாபின் மேல் தலைக்கவசம் அணிந்து விளையாடலாம். எகிப்தின் ஹிதாயா மலாக் அவ்வாறே விளையாடி 2016 ரியோ, 2020 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் வெண்கலம் வென்றார்.

கொரிய வழக்கப்படி பயிற்சியின் தொடக்கத்தில் தலை குனிந்து மரியாதை செய்வர். இது வழிபாடன்று. எனினும் மார்க்க ரீதியாகத் தயங்குவோர், வேறு விதமாக மரியாதை தெரிவிக்கலாமா எனப் பயிற்றுநரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளலாம். பெண் பயிற்றுநர் உண்டா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, பாதுகாப்புக் கவசங்கள் உண்டா என்பவற்றையும் பெற்றோர் விசாரிக்க வேண்டும்.

அன்புப் பெற்றோரே, மகள் முரடாகிவிடுவாளோ என அஞ்ச வேண்டாம். முறையாகக் கற்றவள் தன் வலிமையை அறிவாள். அதை எப்போது பயன்படுத்தக்கூடாது என்பதையும் அறிவாள்.